சயாம் ரயிலடிக் காப்பிக்கடை

மகனே,

நீ கப்பல் ஏறி இன்னும் ஒரு நாள் முழுசாக ஆகவில்லை. அதற்குள் மாமாவிடமிருந்து கடிதமா என்று திகைப்பாய். கப்பல் உன்னை ஏழெட்டு நாள் ஆட்டி ஆட்டித்தான் சிங்கப்பூரில் இறக்கும். இது ஆகாய விமானத்தில் பறந்து போய், தேக்காவில் நீ வேலைக்குச் சேரப்போகும் அந்தோணி முதலாளியின் தையல்கடையில் உனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். முறைக்கு நீ எனக்கு மருமகன். ஆனால் ஐந்து வயதிலிருந்து உன்னைத் தோளில் வைத்து நாகப்பட்டினத்துக் கடைத்தெரு முழுக்கச் சுமந்தவன் நான். நீ பரீட்சையில் தேறிய அன்று உன் வாத்தியார்களுக்கே மிட்டாய் கொடுத்து, அவர்கள் சொல்லித் தந்ததில் பாதி நான் சொல்லித் தந்தது என்று புரியவைத்தவனும் நான். அதனால் மகனே என்று எழுத எனக்கு உரிமை உண்டு. இதைப் படித்து முடித்த பிறகும் அந்த உரிமை இருக்கிறதா என்று நீதான் சொல்லவேண்டும்.

நேற்றுப் படகில் கால் வைக்கும்போது என் காதோரம் குனிந்து ஒன்று சொன்னாய். “மாமா, ஒரு ஆறு மாசம் போகட்டும். லீவு வாங்கிக்கிட்டு நேரா சயாமுக்குப் போறேன். நீங்க சொன்ன அந்த ரயிலடிக் காப்பிக்கடையக் கண்டுபுடிச்சு, அந்த மனுஷன் சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து அம்மா முன்னால நிறுத்துறேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.” அந்த மனுஷன் என்று நீ சொன்னது உன் அப்பாவை. யாருக்கும் எதற்கும் பதில் வைத்திருக்கிற நான் அப்போது கையை ஆட்டினேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனாய்.

அந்தக் கடை கிடையாது, மகனே. அதை முதலில் எழுதிவிட்டேன். ஏன் கிடையாது என்று சொல்ல நான் கொஞ்சம் சுற்றவேண்டியிருக்கிறது. எதையும் நேராகச் சொல்லிப் பழகியவனில்லை நான். நீ சயாம் என்று வாயைத் திறந்த மறு நிமிஷம் அந்தோணி முதலாளி உண்மையைச் சொல்லிவிடுவார். அவருக்குப் பொய் வராது, அது ஒரு குறைதான் அவரிடம். அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் உனக்குத் தெரியவேண்டும்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்த வாத்தியாரிடம் சரக்கு இல்லை. சிங்கப்பூரில் இறங்கிய மூன்றாம் மாதம் மலாய், சீனம், இங்கிலீஷ் மூன்றிலும் நான் பேரம் பேசினால் எதிரில் இருப்பவன் தன் பாஷையையே மறந்துவிடுவான். அந்தோணி முதலாளியின் கடையில் எனக்குக் காஜா எடுக்கிற வேலை. சட்டைக்குப் பொத்தான் துளை போடுவது என்று நீ அலட்சியமாக நினைக்காதே. நான் எடுத்த காஜாவுக்குள் பொத்தான் தானாகத் தலையைக் குனிந்து நுழையும். கவர்னர் துரையின் கோட்டு ஒரு முறை எங்கள் கடைக்கு வந்தது. துரையே வந்தார் என்று இதுவரை ஊரில் சொல்லியிருக்கிறேன். வந்தது கோட்டு மட்டும்தான்.

உன் அப்பா சோமு என் தங்கையைக் கட்டி ஒரு வருஷம் ஆனபோது, நீ பாக்கியத்தின் வயிற்றில் இருந்தபோது, என்னை நம்பிக் கப்பலேறி வந்தார். இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. அவர் கத்திரி பிடித்தால் துணி தானே வழி விடும். இதில் மிகை இல்லை, அந்தோணி முதலாளியைக் கேட்டுக்கொள். ஆனால் பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வரும். அவருக்குக் கை, எனக்கு வாய் என்று கடையில் கேலி செய்வார்கள். கடை மூடுகிற நாளில் நாங்கள் இருவரும் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவோம். நான் காட்டுவேன், அவர் பார்ப்பார். இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்த ஊர் முழுவதும் அவர் முதுகுக்கு அப்பால்தான் தெரிகிறது. அவர் ஒரு அடி முன்னே போய் நின்று, திரும்பிப் பார்த்து, “இது என்ன மச்சான்?” என்று கேட்பார்.

நீயும் அதே மாதிரி நடந்து பார். முதலில் ஆற்றங்கரைக்குப் போ. சாமான் ஏற்றும் சீனப் படகுகளின் முகப்பில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய கண் வரைந்திருப்பார்கள். பாலத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தால் அத்தனை படகும் உன்னையே அண்ணாந்து பார்க்கும். அது எதற்கு என்று உன் அப்பா கேட்டார். “ராத்திரி பூரா அதுங்க முழிச்சிருக்கும் மாப்பிள்ளே. காலையில படகுக்காரன் தூங்கினாலும் அதுவா வழி கண்டுபுடிச்சுப் போயிடும்” என்றேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அப்ப அது எப்பத்தான் தூங்கும்?” என்றார். அதற்கும் ஒரு பதில் சொன்னேன். அப்புறம் பூந்தோட்டத்துக்குப் போ. குளத்தில் தட்டு மாதிரி விளிம்பு மடிந்த அல்லி இலை கிடக்கும், ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம். ஒரு கல்யாணப் பந்தியே அதில் நடந்தது, நான் பரிமாறினேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். “குழம்பு ஓடலையா மச்சான்?” என்றார். அதுதான் அவர். நம்பிக்கொண்டே கேட்பார். கேட்பதிலும் கேலி இருக்கிறதா இல்லையா என்று கடைசிவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். முதல் மாதம் நாங்கள் கடைக்கு வெளியே தலை நீட்டவில்லை. சீனர்களைத் தெருத்தெருவாகக் கூட்டி லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வராத அந்த லாரிகளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் எந்தக் கதையும் கட்டியதில்லை. அதைக் கட்டுவதற்கு எனக்கும் வாய் வரவில்லை.

அதற்கப்புறம் ஊர் ஒரு மாதிரிக் கனவுக்குள் போய்விட்டது. ஊருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். காலை எட்டு மணி அடிக்கும்போதுதான் வெளுக்கும். சாயங்காலம் எட்டு மணிக்கும் தெருவில் மஞ்சள் வெயில் நிற்கும், போவதா வேண்டாமா என்று தெரியாத விருந்தாளி மாதிரி. மோட்டார் கார்கள் இல்லை. பெரிய பெரிய தெருக்கள் பெருக்கி வைத்த கல்யாண மண்டபம் போல வெறிச்சென்று கிடந்தன. வெள்ளைக்காரர்கள் பந்து விளையாடிய மைதானத்தில் மரவள்ளிக்கிழங்குச் செடி காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது. கடலிலிருந்து வந்த காற்று எங்கும் முட்டாமல் தேக்கா வரைக்கும் நடந்து வரும். நானும் உன் அப்பாவும் தெருவின் நடுவிலேயே நடப்போம். “சூரியனையே கயிறு கட்டி இழுத்துட்டாங்களே மச்சான்” என்பார். “இழுக்கிறப்ப நான் பாத்தேன் மாப்பிள்ளே, சின்னக் கயிறுதான்” என்பேன். வயிறு சுருங்கிக் கிடந்த காலம்தான். ஆனாலும் அப்படி ஒரு நடை அதற்கு முன்னும் பின்னும் நான் நடந்ததில்லை.

காவல் நிற்கிற சிப்பாய்க்கு இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுப் போகவேண்டும் என்று சட்டம். நான் வணங்கினால் அப்படியே வில் மாதிரி வளைவேன். ஒரு சிப்பாய் அதைப் பார்த்து எனக்குப் பதில் வணக்கம் போட்டான். உன் அப்பா முதல் நாள் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, சாமி சந்நிதியில் கும்பிடுவது போலக் கும்பிட்டுக் கண்ணையும் மூடிவிட்டார். விழப்போகிறது அறை என்று நினைத்தேன். அந்தச் சிப்பாய்ப் பயல் என்ன நினைத்தானோ, துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். திரும்பி வரும் வழியில், “ஏன் மாப்பிள்ளே கண்ண மூடுனீங்க?” என்றேன். “பாக்கியம் முகம் தெரியுதான்னு பாத்தேன். கும்பிட்டாத் தெரியும்” என்றார். கடிதப் போக்குவரத்து நின்று போயிருந்தது. நீ பிறந்தாயா, ஆணா பெண்ணா, ஒன்றும் அவருக்குத் தெரியாது.

கடையில் துணி இல்லை. திரைச்சீலையைக் கால்சட்டையாகவும், கால்சட்டை கிழிந்தால் பையாகவும் தைத்தோம். சட்டைக் காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பிப் புதுசாக்கிக் கொடுப்போம். எல்லா வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அவித்தது, இடித்தது, தோசை மாதிரித் தட்டினது. அரிசி கண்ணில் படுவது அபூர்வம். ஒரு நாள் காத்தோங் பேட்டைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கடலோரத்துக்குப் போய்த் தென்னை நிழலில் உட்கார்ந்து, இலையில் கட்டிக்கொண்டு போன கிழங்கைப் பிரித்தோம். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. உன் அப்பா கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “சோத்து வாசனையே மறந்துபோச்சு மச்சான். யோசிச்சுப் பாத்தாலும் மூக்குல வரமாட்டேங்குது” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். என்னால் அவருக்குச் சோறு போட முடியாது. என்னிடம் இருந்தது ஒன்றுதான், அதைப் போட்டேன். “சயாம்ல இருந்தேனே ஒரு வருஷம், சொல்லியிருக்கனா?” என்று ஆரம்பித்தேன். நான் சயாமைப் பார்த்ததே கிடையாது, மகனே. முடிதிருத்தும் கடையில் ஒரு காலண்டர் தொங்கியது. தங்க ஓடு வேய்ந்த கோயில், பக்கத்தில் ஆறு, ஆற்றில் காய்கறிப் படகு. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு தேசத்தையே கட்டினேன். அங்கே அரிசி வேகும்போது மல்லிகை மணக்கும் என்றேன். மீன் தானாகப் படகுக்குள் குதிக்கும் என்றேன். “நம்ம ஆளுங்க இருக்காங்களா அங்க?” என்று கேட்டார். இல்லாமலா? ரயிலை விட்டு இறங்கினால் இடது கைப்பக்கம், வேப்பமரத்தடியில், காரைக்கால்காரர் ஒருத்தர் காப்பிக்கடை வைத்திருக்கிறார் என்றேன். அவருக்கு மீசை வைத்தேன். பித்தளை டபரா வைத்தேன். கடைக்குள் ஒரு கிளிக்கூண்டும் வைத்தேன். உன் அப்பா கிழங்கைத் தின்று முடித்துவிட்டார், நான் சொன்னது அதற்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. வெயில் இறங்குகிறவரை இரண்டு பேரும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, சிராங்கூன் சாலையில் ஒருவன் தமிழில் அச்சடித்த நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனான். சயாமில் ரயில் பாதை போட ஆள் தேவை, மூன்றே மாத வேலை, அரிசிச் சோறு, இருக்க இடம். உன் அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். “மச்சான், நீங்க சொன்ன ஊருக்கே ஆள் எடுக்குறாங்க! மூணு மாசம் நல்லாத் தின்னு உடம்ப ஏத்திக்கிட்டு, மூட்டை அரிசியோட வந்துடுறேன்.”

அந்தோணி முதலாளி அங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சின் கடைசியில் அந்த ஊர் ‘லா’ ஒன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். “சோமு, சும்மா இரு லா. போன ஆளுங்க ஒருத்தனாச்சும் திரும்பி வந்து பாத்தியா? இவன் சயாம் போயிருக்கேன்னா சொன்னான்? இவன் பக்கத்துல இருக்குற ஜோகூரயே தாண்டினது இல்ல.”

கடையில் இன்னும் நாலு தையல்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். “போயிருக்கீங்கதானே மச்சான்?” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே சொல். இல்லை. அவ்வளவுதான். மூன்று பாஷை தெரிந்தவனுக்கு அந்த ஒரு சொல் எந்தப் பாஷையிலும் வரவில்லை. அந்த நாலு பேரின் சிரிப்புதான் என் காதில் இருந்தது. “முதலாளிக்கு என்ன தெரியும்? அவரு இந்த மிஷினைத் தாண்டினது இல்ல. அந்தக் காரைக்கால்காரர்கிட்ட என் பேரச் சொல்லுங்க மாப்பிள்ளே, மொதல் காப்பிக்குக் காசு வாங்கமாட்டார்” என்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ரயிலடிக்கு நானும் போனேன். சாமான் ஏற்றுகிற பெட்டிகள். ஆட்களை நெருக்கி நெருக்கி ஏற்றினார்கள். அப்போதும் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். உன் அப்பா எட்டிப் பார்த்து, “இடது கைப்பக்கந்தானே?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு வருஷம் போயிற்று. அந்த நாட்களிலும் நான் ஊர் சுற்றினேன், தனியாக. ஆற்றுப்பாலத்தில் நின்று படகுகளின் கண்ணைப் பார்த்தால் அவை என்னைப் பார்க்காத மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் தோற்றுப்போய் ஊர் பழைய பெயருக்குத் திரும்பிய பிறகு, சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கடை வாசலில், எலும்பும் தோலுமாக ஒரு ஆள் காலில் புண்ணோடு வந்து உட்கார்ந்து, கட்டுப்போடப் பழந்துணி கேட்டார். துணியைக் கொடுத்துக்கொண்டே, “அங்க சோமுன்னு ஒருத்தர், தையல்காரரு, நாகப்பட்டினம், பாத்தீங்களா?” என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

“சோமுவா? காப்பிக்கடைச் சோமுவா?” என்றார் அவர்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மழையில ரயில விட்டு எறங்கினோம். சேறு. எல்லாரும் எங்க தலையச் சாய்க்கலாம்னு பாத்தா, இவரு மட்டும் இடது பக்கம் வேப்பமரம் எங்கன்னு தேடுறாரு. காரைக்கால்காரர் காப்பிக்கடை எங்கன்னு போற வர்றவங்களையெல்லாம் கேக்குறாரு. நாங்க சிரிச்சோம். அதுலேர்ந்து அந்தப் பேருதான். அப்புறம் நாள்கணக்கா நடக்கவச்சு, ஆத்தோரமாக் காட்டுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. பொழுதுசாய வேலை முடிஞ்சு கெடப்போம். இவரு அந்தக் கடையப் பத்திச் சொல்லுவாரு. டபரா, கிளி, அந்த ஆளு மீசை. பேசத் தெரியாத மனுஷன், ஆனா அத மட்டும் அப்படிச் சொல்லுவாரு. சொல்லிச் சொல்லி எங்களுக்கே அந்தக் கடை பழகிப்போச்சு. எனக்குச் சக்கரை கம்மி, எனக்கு டிகிரி காப்பின்னு நாங்களும் கேப்போம். மழைக்காலத்துல காலரா வந்துச்சு. போறதுக்கு மொத நாளு எங்கிட்ட சொன்னாரு. எங்க மச்சான் சொன்னா இருக்கும்யா, நாமதான் அந்த மழையில சரியாப் பாக்கல.”

ஆற்றங்கரையில் மூங்கிலை அடுக்கி அவரை எரித்ததாகச் சொன்னார். அந்த இடத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அந்தோணி முதலாளி அப்போது கூடவே நின்று கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றுவரை திட்டவில்லை.

கப்பலேறி வந்தேன். நாகப்பட்டினத்தில் படகிலிருந்து இறங்கினால், கரையில் என் தங்கை நெற்றி நிறையப் பொட்டோடும் தலை நிறையப் பூவோடும் நிற்கிறாள், இடுப்பைக் கட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். “அவரு எங்க அண்ணே?” என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன், சத்தியமாக. அந்தப் பொட்டைப் பார்த்ததும் வாய் தன் வழக்கப்படி திறந்துகொண்டது. “மாப்பிள்ளை சயாம்ல கடை போட்டுட்டாரு. ரயிலடியில, வேப்பமரத்தடியில, காப்பிக்கடை. வியாபாரத்த விட்டு வர முடியல” என்றேன். எந்தக் கடையைத் தேடி அவர் செத்தாரோ அந்தக் கடைக்கு அவரையே முதலாளி ஆக்கினேன். ஒரு நாள் பொய், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு கப்பல் வரும்போதெல்லாம் துறைமுகத்துக்குப் போய் நான் கொண்டுவந்த சேதிகள் உனக்கே மனப்பாடம். கடைக்கு ஓடு மாற்றினார், கிளி பேசக் கற்றுக்கொண்டது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். இத்தனை வருஷமாக ஏன் வரவில்லை, ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. பிறகு ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. அங்கே ஒரு சயாம்காரியைக் கட்டிக்கொண்டான், பிள்ளை குட்டி இருக்கிறது என்று. நான் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்லவேண்டும். பாக்கியம் என்னிடம் நேராகக் கேட்ட அன்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தவர் தலையில் அந்தப் பழியைப் போட்டவன் நான். நீ உன் அப்பாவை அந்த மனுஷன் என்று சொன்னால் அது என் வாயிலிருந்து உனக்கு வந்த சொல். கும்பிடக் கண்ணை மூடினால் உன் அம்மாவின் முகத்தைத் தேடிய ஆள் அவர். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். அழகாகப் பேசு, அதில் தப்பில்லை. ஆனால் ஒருத்தன் உன் பேச்சை நம்பிக் காலை எடுத்து வைக்கிறான் என்றால், அந்த நிமிஷம் பேச்சை நிறுத்தி, அவமானமானாலும் இல்லை என்று சொல்லிவிடு.

இந்த இடம்வரை எழுதி முடித்தபோது உன் அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். “காலையிலேர்ந்து என்னத்த எழுதுறே அண்ணே? புள்ள இன்னும் எலங்கையத் தாண்டிருக்க மாட்டான்” என்றாள்.

“உக்காரு, படிக்கிறேன்” என்றேன். இப்போது விட்டால் இனி எப்போதும் வராது என்று தெரிந்துபோயிற்று. முதல் வரியிலிருந்து படித்தேன். அல்லி இலைப் பந்திக்குச் சிரித்தாள். சிப்பாயைக் கும்பிட்ட இடத்தில், “இன்னொரு வாட்டி படி” என்றாள். ரயிலடி வந்ததும் மீதியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி படித்து முடித்தேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“அப்ப அவரு என்னை விட்டுட்டுப் போகலையா?” என்றாள்.

“இல்லம்மா.”

“வேற எவளும் இல்ல?”

“இல்ல.”

பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை இந்த வீடு கேட்டதில்லை. அழுது ஓய்ந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று குங்குமச் சிமிழைத் திறந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நெற்றியில் எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாக வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். “உன்கிட்ட நான் எப்பப் பேசுவேன்னு எனக்குத் தெரியாது அண்ணே. இப்ப இத மட்டும் எழுது. அவன் சயாம் போகட்டும். அந்த ஆத்துல எறங்கி அப்பனுக்குத் தண்ணி விட்டுட்டு எனக்குக் கடுதாசி போடட்டும். கடுதாசி வர்ற அன்னிக்கு இத அழிச்சுக்குறேன். இத்தன வருஷமும் ஊர் வாய்க்குப் பயந்து வீம்புக்கு வச்ச பொட்டு இது. கொஞ்ச நாள் ஆசையா வச்சுக்குறேன்.”

சொல்லிவிட்டுப் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தன் புருஷன் எவளையும் கட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு போவது இங்கே வரைக்கும் கேட்கிறது.

அதனால், மகனே, அவசரப்பட்டுச் சயாமுக்குக் கிளம்பாதே. இறங்கின ஊரை முதலில் நன்றாகப் பார். ஒவ்வொரு தெருவாக, மெதுவாக நடந்து பார்.

உன் மாமா